மடியில் இருந்து இருக்கைக்கு: கார்க் குழந்தை இருக்கையின் கதை



சென்ற டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து என் மகள் தன் இரண்டு வயதுப் பையனோடு விடுமுறைக்கு வந்தாள். டிக்கெட் போட்ட மறுநாளே தொலைபேசியில் முதல் கேள்வி: "அப்பா, வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்கு வரும்போது கார் சீட் கொண்டு வருவீங்களா?" எனக்குச் சிரிப்புதான் வந்தது. "அரை மணி நேரப் பயணம்மா. நான் மடியில் வச்சுக்கிறேன்" என்றேன். அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "என் தாடையை மறந்துட்டீங்களாப்பா?" என்றாள்.

மறக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஒரு வாடகை அம்பாசிடரில் குடும்பத்தோடு திருச்செந்தூருக்குப் போனோம். அவள் அம்மா முன் இருக்கையில், இவள் அம்மாவின் மடியில். முக்காணி தாண்டியதும் குறுக்கே ஆடுகள் வர, ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். மோதல் எதுவும் இல்லை. வண்டி ஒன்றும் பெரிய வேகத்திலும் போகவில்லை. ஆனால் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்த குழந்தை கையை விட்டு நழுவி, தாடை டாஷ்போர்டில் மோதியது. நான்கு தையல். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

பேரனுக்கு இருக்கை வாங்கினேன். வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது என்று தெரியாமல் படிக்க ஆரம்பித்தவன், இந்த இருக்கை எப்படிப் பிறந்தது என்ற கதைக்குள் போய்விட்டேன். சுமார் தொண்ணூறு ஆண்டுக் கதை. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள இந்த இதழில் இடம் கேட்டேன். உங்களில் பலர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலையில் நம் கார் நிறுத்தும் இடத்தில் நின்று பார்த்தால், முன் இருக்கையில் அம்மாவின் மடியிலோ, சில நேரம் ஓட்டும் அப்பாவின் மடியிலோ குழந்தை உட்கார்ந்து போவது இன்றும் கண்ணில் படுகிறது. குறை சொல்ல எழுதவில்லை. நானும் அதையே செய்தவன்.

நம் கடலில் ஒரு கயிறு

கார்க் கதைக்கு முன்னால் நம் ஊர்க் கதை ஒன்று. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசியாக நடந்த பெரிய முத்துக்குளிப்பு. மூச்சை அடக்கிக் கடலுக்குள் போகிறவர் ஒரு கல்லின் எடையில் கீழே இறங்குவார். சிப்பிகளை வாரி வலைப்பையில் போட்டதும் கயிற்றைச் சுண்டுவார். தோணியில் இருப்பவர் உடனே மேலே இழுக்க வேண்டும். அதில் தாமதித்தால் உயிர் போகும். அந்தக் கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் கடற்கரைப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமாம்.

இதில் நான் கவனித்தது ஒன்று. மைத்துனருக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும், கயிறு இல்லாமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பாசம் கயிற்றின் வழியாகத்தான் வேலை செய்தது. கார் வந்த பிறகு இதே பாடத்தை உலகம் மறுபடி படிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

முதல் இருக்கைகள்: பிள்ளை வேடிக்கை பார்க்க

1930களில் அமெரிக்காவில் பன்னி பேர் போன்ற நிறுவனங்கள் காருக்கான குழந்தை இருக்கைகளை விற்கத் தொடங்கின. அவற்றின் நோக்கம் பாதுகாப்பு அல்ல. குழந்தையைச் சற்று உயரத்தில் உட்கார வைப்பது, அதனால் அது ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பது, ஓட்டுபவரைத் தொந்தரவு செய்யாமல் ஓரிடத்தில் இருப்பது, இவ்வளவுதான். அடுத்த இருபது ஆண்டுகளில் வந்தவையும் பெரும்பாலும் அப்படியே. இரும்புக் கம்பிச் சட்டத்தில் ஒரு துணி, முன் இருக்கையின் முதுகில் மாட்ட இரண்டு கொக்கிகள், சிலவற்றில் குழந்தை திருப்பி விளையாட ஒரு பொம்மை ஸ்டீயரிங். வண்டி மோதினால் கொக்கி கழன்று, இருக்கையும் குழந்தையும் சேர்ந்தே முன்னால் பறக்கும்.

இது அந்தக் காலத்து அறியாமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். இன்றும் நம் கடைகளில் விற்கும் சில மெத்தைகள், துணிப் பட்டைகள் இதே வகைதான். பார்க்க இருக்கை போல இருக்கும். மோதலில் எதையும் தாங்காது.

பெரியவர்களுக்கு முதலில் வந்த கயிறு

குழந்தைக்கு முன்னால் பெரியவர்களுக்குத் தீர்வு வந்தது. அதற்கு முன் இருந்தது இடுப்பை மட்டும் சுற்றும் பட்டை. மோதலில் மேல் உடம்பு முன்னால் மடங்கும், பட்டை வயிற்றை அழுத்தும். சுவீடனில் சாப் நிறுவனத்தில் போர் விமானிகளை வெளியே தள்ளும் இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்த நில்ஸ் போலின் என்ற பொறியாளர் 1958இல் வோல்வோ கார் நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே, 1959இல், நாம் இன்று போடும் மூன்று முனை சீட் பெல்ட் அவர் கையிலிருந்து வந்தது. தோளையும் இடுப்பையும் ஒரே பட்டை பிடிக்கிறது. ஒரு கையாலேயே மாட்டிவிடலாம். விசை நெஞ்சுக் கூட்டிலும் இடுப்பு எலும்பிலும் இறங்குகிறது. இந்தக் காப்புரிமையை மற்றக் கார் நிறுவனங்களும் பயன்படுத்த வோல்வோ விட்டுக்கொடுத்தது.

ஆனால் இந்தப் பட்டை வளர்ந்த உடம்புக்கு அளவெடுத்தது. மூன்று வயதுக் குழந்தைக்குப் போட்டால் தோள்பட்டை கழுத்தில் ஏறும், இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறும்.

குழந்தைக்கென்று ஒரு இருக்கை

1962இல் இரண்டு நாடுகளில் இரண்டு பேர், ஏறக்குறைய ஒரே நேரத்தில், பாதுகாப்புக்காகவே ஓர் இருக்கையைச் செய்தார்கள். பிரிட்டனில் ஜீன் ஏம்ஸ் என்ற பெண்மணி, பின் இருக்கையில் குழந்தையைப் பட்டைகளால் பிணைக்கும் இருக்கையை வடிவமைத்தார். அமெரிக்காவின் டென்வர் நகரில் லெனார்ட் ரிவ்கின் இரும்புச் சட்டம் கொண்ட இருக்கை ஒன்றை உருவாக்கினார்.

அதைவிடப் பெரிய மாற்றம் மறுபடியும் சுவீடனிலிருந்து வந்தது. பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவப் பேராசிரியர், அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்தார். அதில் வீரர்கள் முதுகு முழுவதும் இருக்கையில் படியும்படி கிடந்தார்கள். புறப்படும்போது வரும் பெரும் விசையை முதுகு முழுவதும் பகிர்ந்துகொள்வதற்கான ஏற்பாடு அது. காரில் குழந்தையைப் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்தால், வண்டி மோதும்போது இதே வேலையை இருக்கையின் முதுகு செய்யுமே என்று அவருக்குத் தோன்றியது. 1964இல் முதல் மாதிரி இருக்கை சோதிக்கப்பட்டது.

இதன் காரணத்தை ஒவ்வொரு பெற்றோரும் புரிந்துகொள்வது நல்லது. பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு அது ஏழில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே. அந்தக் கனமான தலையைத் தாங்கும் கழுத்து எலும்புகளில் ஒரு பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். முன்னே பார்த்து உட்கார்ந்த குழந்தைக்கு மோதலில் உடம்பைப் பட்டை பிடித்துவிடும், தலை மட்டும் முன்னால் இழுக்கும். அந்த இழுவை முழுவதும் கழுத்தில். பின்னே பார்த்து உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து இருக்கையில் அழுந்தும். சுவீடனில் இன்றும் நான்கு வயது வரைகூடக் குழந்தைகளைப் பின்னோக்கியே உட்கார வைக்கிறார்கள்.

அறுபதுகளின் இறுதியில் அமெரிக்க நிறுவனங்களும் இறங்கின. ஃபோர்டு 'டாட் கார்டு' என்ற இருக்கையையும், ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குழந்தைகளுக்கான 'லவ் சீட்' என்ற இருக்கையையும் கொண்டு வந்தன. 1971இல் அமெரிக்க அரசு முதல் தர விதியை வெளியிட்டது. அதில் ஒரு வேடிக்கை: இருக்கையைக் காரின் பெல்ட்டால் கட்ட வேண்டும் என்றது விதி, ஆனால் மோதவிட்டுச் சோதிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மோதல் சோதனை கட்டாயமானது 1981இல்தான்.

டென்னசியில் மடிக்கு நடந்த வழக்கு

இந்த வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்தது. அங்கே ரதர்ஃபோர்டு மாவட்டத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். அம்மை, போலியோ போன்றவற்றைத் தடுப்பூசியால் தடுக்கிறோம், கார் விபத்தில் சாகும் குழந்தைகளை மட்டும் ஏன் விதி என்று விடுகிறோம் என்பது அவர் எண்ணம். மனைவியோடு சேர்ந்து சட்டமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தார். 1977இல் சட்டம் நிறைவேறி, 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைக் காரில் ஏற்றினால் பாதுகாப்பு இருக்கை வேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்திய முதல் அமெரிக்க மாநிலச் சட்டம் அது.

ஆனால் நிறைவேறும்போது அதில் ஒரு விதிவிலக்கு நுழைந்துவிட்டது. பெரியவர் ஒருவர் கையில் வைத்திருக்கும் குழந்தைக்கு இருக்கை வேண்டாம். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! தாயின் கையைவிடப் பத்திரமான இடம் எது? சாண்டர்ஸுக்கு இந்த விதிவிலக்கின்மேல் இருந்த கோபம் சாதாரணமானதல்ல. அதற்கு அவர் தரப்பு வைத்த பெயர் 'குழந்தை நசுக்கி' விதி. பெல்ட் போடாத தாய் மோதலில் முன்னால் எறியப்படும்போது, அவருக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் குழந்தை அகப்படுகிறது. தாயின் முழு எடையும் அதன்மேல். தாய் பெல்ட் போட்டிருந்தால் அவர் நின்றுவிடுவார், குழந்தை கையை விட்டுப் போய்விடும். இரண்டும் ஆபத்து.

கணக்கையும் பார்ப்போம். வண்டி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதி நிற்க சுமார் பத்தில் ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். அதுவும் நாம் எதிர்பார்க்காத ஒரு கணத்தில். வீட்டில் சமையல் எரிவாயு உருளையை நகர்த்தியிருப்பீர்கள். நிறைந்த உருளை சுமார் 30 கிலோ. அப்படி நாலைந்து உருளைகள் ஒன்றாகக் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போவதை நிறுத்த முடியுமா? இன்னொரு விதமாகச் சொன்னால், 50 கி.மீ. வேகத்தில் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது நம் மூன்றாம் மாடி பால்கனி. பால்கனிக்குக் கம்பி போட வேண்டும் என்று நம் பொதுக்குழுவில் எவ்வளவு நேரம் பேசினோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

சாண்டர்ஸ் விடவில்லை. 1981இல் அந்த விதிவிலக்கு நீக்கப்பட்டது. 1985க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் குழந்தை இருக்கைச் சட்டம் வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் அவரை 'டாக்டர் சீட் பெல்ட்' என்றே அழைத்தார்கள்.

காற்றுப் பை கொண்டு வந்த புதிய பாடம்

தொண்ணூறுகளில் அமெரிக்கக் கார்களில் முன் பயணிக்கும் காற்றுப் பை வந்தது. பெரியவர்களைக் காப்பாற்றிய அதே ஏர்பேக், முன் இருக்கையில் இருந்த குழந்தைகளைக் கொன்றது. கண் இமைப்பதற்குள் விரியும் அந்தப் பை, பின்னோக்கி வைத்த இருக்கையின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னால், அடிக்கிறது. அதன் பிறகுதான் குழந்தைகள் பின் இருக்கையில் என்பது பரவலான அறிவுரையானது. உங்கள் காரின் வெயில் மறைப்பில், குழந்தைப் படத்தின்மேல் குறுக்குக் கோடு போட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அது இந்த அனுபவத்தின் சுருக்கம். இந்தியாவிலும் 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல்களில் முன் பயணி ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. எனவே முன் இருக்கையில் மடியில் குழந்தை என்பது அம்பாசிடர் காலத்தைவிட இன்று அதிக ஆபத்து.

இருக்கையைப் பெல்ட்டால் கட்டுவதில் பெற்றோர் செய்யும் தவறுகளைக் குறைக்க வந்தது ஐசோஃபிக்ஸ். காரின் பின் இருக்கையில் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் இரண்டு இரும்பு வளையங்கள், அவற்றில் 'கிளிக்' என்று பூட்டும் கொக்கிகள். 1999இல் இது உலகத் தரமானது.

நம் நாட்டில்

நம் நாட்டில் கார்களின் முன் இருக்கைக்குப் பெல்ட் பொருத்துவது 1994இல்தான் கட்டாயமானது. பின் இருக்கைக்கு அதற்கும் பிறகு. 2014இல் இந்தியாவில் அதிகம் விற்ற சிறிய கார்களின் அடிப்படை மாடல்கள் ஐந்தை குளோபல் என்கேப் அமைப்பு மோதவிட்டுச் சோதித்தபோது, பெரியவர் பாதுகாப்பில் ஐந்துக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அந்தச் சோதனையில் பின் இருக்கையில் குழந்தைப் பொம்மைகளையும் வைத்திருந்தார்கள். கார் வாங்கும்போது 'குழந்தைக்கு எத்தனை நட்சத்திரம்' என்று கேட்கும் பழக்கம் நமக்கு அதன் பிறகு வந்தது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற நம் அரசின் சோதனையே நடக்கிறது. அதிலும் குழந்தைப் பாதுகாப்புக்குத் தனி மதிப்பெண் உண்டு.

சட்டம் தெளிவாகப் பேசியது 2019இல். மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் சேர்ந்த 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்பவருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தில் மடிக்கு விதிவிலக்கு இல்லை. டென்னசி செய்த தவறை நாம் செய்யவில்லை. ஆனால் சட்டம் எழுதாத அந்த விதிவிலக்கை நம் பழக்கம் எழுதி வைத்திருக்கிறது.

2022 செப்டம்பர் 4 அன்று தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று செய்தி வந்ததும், பின் இருக்கைக்கும் பெல்ட் உண்டா என்று பலர் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார்கள். விலை உயர்ந்த கார் என்பது மட்டும் யாரையும் காப்பாற்றாது என்று அன்று புரிந்தது.

இருசக்கர வண்டியில் பிள்ளைகளை ஏற்றுபவர்களுக்கும் விதி இருக்கிறது. 2022 பிப்ரவரியில் வெளியாகி ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த அந்த விதிப்படி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசம் வேண்டும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், வேகம் 40 கி.மீ.க்கு மேல் கூடாது. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் பள்ளிக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாங்கும்போது

இனி நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. வயதைவிட எடையும் உயரமும் முக்கியம். பிறந்தது முதல் 13 கிலோ வரை பின்னோக்கி வைக்கும் இருக்கை. 9 முதல் 18 கிலோ வரை ஐந்து முனைப் பட்டை கொண்ட இருக்கை. 15 முதல் 36 கிலோ வரை, காரின் பெல்ட் சரியான இடத்தில் விழும்படி பிள்ளையை உயர்த்தும் பூஸ்டர். இரண்டு வகை பொருந்தும் எடையில், முடிந்தவரை முந்தைய வகையிலேயே வையுங்கள். குறிப்பாக முன்னோக்கித் திருப்ப அவசரப்படாதீர்கள். புதிய ஐரோப்பியத் தரம் 15 மாதத்துக்கு முன் திருப்பவே கூடாது என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் இருக்கையின் எடை, உயர அளவு நிறையும் வரை பின்னோக்கியே வைக்கச் சொல்கிறது.

2. தரச் சான்றைப் பாருங்கள். இந்தியத் தரம் ஏஐஎஸ் 072. ஐரோப்பியத் தரம் ஆர்44 அல்லது புதிய ஆர்129. இருக்கையின் பின்னாலோ அடியிலோ ஒட்டிய சீட்டில் இது இருக்கும். சீட்டு இல்லாத இருக்கை வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

3. உங்கள் காரில் பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஐசோஃபிக்ஸ் இருக்கை வாங்குமுன் உங்கள் காரில் அந்த வளையங்கள் உண்டா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பழைய கார்களில் பின் நடு இருக்கைக்கு இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும். அப்போது இடதுபுறப் பின் இருக்கை நல்லது. குழந்தையை நடைபாதைப் பக்கமாக ஏற்றி இறக்கலாம்.

4. பழைய இருக்கை என்றால், அது விபத்தில் சிக்கியதா என்று உறுதியாகத் தெரிந்தவரிடம் மட்டும் வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் போதும். தயாரித்த ஆண்டும், காலாவதி ஆண்டு இருந்தால் அதுவும் அச்சிட்டிருக்கும்.

பயன்படுத்தும்போது

இருக்கையை மாட்டியபின் பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து ஆட்டுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் இன்னும் இறுக்க வேண்டும். குழந்தையின் தோள்பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். பட்டை மடிந்து விரலில் அகப்பட்டால் தளர்வு. பின்னோக்கி இருந்தால் பட்டை தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கி இருந்தால் தோளின் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். குழந்தைக்கு அடியில் தலையணை, மடித்த துண்டு எதுவும் வைக்காதீர்கள்.

பூஸ்டரை நிறுத்துவதற்கு ஒரு சோதனை. பிள்ளை முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடிய வேண்டும். இடுப்புப் பட்டை தொடை எலும்பின் மேல் படிய வேண்டும். தோள்பட்டை தோளின் நடுவில் போக வேண்டும். பொதுவாக 145, 150 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இது நடக்கும். அதுவரை பூஸ்டர் வேண்டும்.

நம் ஊருக்கென்று சில. வெயிலில் நிறுத்திய காரில் பெல்ட்டின் இரும்பு நாக்கு சுட்டுவிடும். இறங்கும்போது ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு மூடுங்கள். முத்துநகர் கடற்கரைக்குப் போய்வந்தால் பூட்டுக்குள் மணல் போகும். தட்டி, உறிஞ்சியால் இழுத்து எடுங்கள். எண்ணெய் விடாதீர்கள். பட்டைகளைச் சோப்புத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஒரு நிமிட வேலை என்றாலும் குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள்.

"அழுகிறானே" என்பீர்கள். என் பேரன் அழவில்லை, பழகியவன். பழகாத குழந்தை முதல் வாரம் அழும். அன்று மட்டும் மடி என்று ஒரு முறை எடுத்துவிட்டால், அடுத்த முறை இரட்டிப்பாக அழும். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் பயணத்திலேயே தொடங்குவது எளிது. நீண்ட பயணத்தில் இரண்டு மணிக்கு ஒரு முறை நிறுத்தி இறக்குங்கள். பால் கொடுப்பதும் வண்டி நின்ற பிறகே.

ஒரு வேண்டுகோள்

விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருகிற வீடுகள் நம் குடியிருப்பில் நிறைய. இரண்டு வாரத்துக்காக இருக்கை வாங்க மனம் வராது. ஒரு வயது கடந்த பிள்ளைக்கு வாங்கிய முதல் இருக்கை பல வீடுகளில் பரணில் கிடக்கும். சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்கலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். இருக்கையின் எடை அளவு, தயாரித்த ஆண்டு, விபத்தில் சிக்கவில்லை என்று உரிமையாளரின் கையெழுத்து, இவை மூன்றும் இருந்தால் இரவலாகக் கொடுக்கலாம். ஒரே வளாகத்தில் இருப்பவர்களுக்குள் பழைய இருக்கையின் வரலாறு தெரியும் என்பது இதில் பெரிய வசதி.

பதிவேட்டின் முதல் வரியாக என் பேரனின் இருக்கையை எழுதச் சொல்லியிருக்கிறேன். 18 கிலோ வரை, பின்னோக்கியும் முன்னோக்கியும் வைக்கலாம், சென்ற ஆண்டு தயாரித்தது. வாகைக்குளத்துக்கு இரண்டு முறை, திருச்செந்தூருக்கு ஒரு முறை போயிருக்கிறது. திருச்செந்தூர் போகும்போது முக்காணியில் இந்த முறையும் ஆடுகள் குறுக்கே வந்தன. பேரன் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த விடுமுறை வரை அது உங்களில் யாருக்கு வேண்டுமானாலும் பயன்படட்டும்.